மலர்விழி சோறு போடவில்லை என்றார்கள்

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்து நின்று போகிற ஓர் ஊரில் மலர்விழி இருக்கிறாள். படுக்கையில் விழுந்த வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெறும் இடியாப்பத்தைப் போட்டே பெரியவர் கொளஞ்சியப்பனைப் பட்டினியில் சாகடித்துவிட்டாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு சுற்று ஊர்களிலெல்லாம் ஓடியது. அது பொய். பொய் என்று தெரிந்தவர்களே அதை ஓடவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பெண்களுக்கு அந்த வேலையில் பயிற்சி கொடுத்து, கேட்கிற வீடுகளுக்கு அனுப்புகிறேன். மலர்விழியைக் கொளஞ்சியப்பன் வீட்டுக்கு அனுப்பியது நான்தான். அதனால் நடந்தது எனக்குத் தெரியும்.

மலர்விழியின் பெற்றோருக்குக் காணி நிலம் கிடையாது. கரும்பு வெட்டப் போவார்கள், அவளையும் கூட்டிப் போவார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கரும்பு லாரி கவிழ்ந்து செத்தான். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு அவள் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு வாய்த்தது பக்கவாதம் வந்த ஒரு சீனத்துக் கிழவி. கிழவிக்கு விழுங்க முடியாது. அந்த வீட்டு மகள் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து, நூல்கண்டு போல் காய்ந்துகிடந்த ஒன்றை எடுத்து மீன் சாறில் போட்டாள். அதற்குப் பெயர் பீஹூன். குழையக் குழைய வெந்ததும் கத்திரிக்கோலால் கிண்ணத்துக்குள்ளேயே பொடிப்பொடியாக வெட்டி, மசித்து ஊட்டக் காட்டிக்கொடுத்தாள்.

நம்ம ஊர் இடியாப்பத்தைக் காயவைத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று மலர்விழிக்கு உடனே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடுகிற வேலைக்காரப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். மணிலாக்காரி, எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கே அதுதான், பேர் பான்சிட் என்றாளாம். பர்மாக்காரி, காலையில் மீன் குழம்பில் போட்டுக் குடிப்போம், அது மொகிங்கா என்றாளாம். அங்காடிக் கடையில் நம் தமிழரே இடியாப்பத்துக்குப் புட்டு மாயம் என்று பெயர் வைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஆசியாவில் பாதி நாடு விருந்துக்கும் நோய்க்கும் அரிசி நூலைச் சாப்பிடுகிறது. சாப்பாடு என்றே நினைத்துச் சாப்பிடுகிறது. நம் பக்கத்தில்தான் அது டிபன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாம் இதில்தான் வந்து நின்றது. நம் ஊரில் ஒருவன் பத்து இட்லி தின்றுவிட்டும் இன்னும் சாப்பிடவில்லை என்பான். இலையில் சோறு விழுந்தால்தான் சாப்பாடு. இடியாப்பமும் அரிசிதானே, அதே அரிசியை மாவாக்கி, பிழிந்து, வேகவைத்ததுதானே என்று யாரிடமும் சொல்ல முடியாது. சிரிப்பார்கள்.

கொளஞ்சியப்பன் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் போட்ட பெரிய விவசாயி. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, தொண்டையும் பாதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் மகன் தமிழரசனை வைத்துக்கொண்டே சொன்னார்: தண்ணியாக எதுவும் கூடாது, பருக்கையாக எதுவும் கூடாது, உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். சிங்கப்பூர்க் கிழவி செத்ததும் ஊர் திரும்பி என்னிடம் சேர்ந்திருந்த மலர்விழியை அனுப்பினேன். அவள் முதலில் சோற்றைக் குழைத்துத்தான் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றிரண்டு பருக்கை உணர்ச்சியற்ற கன்னத்தில் ஒதுங்கிக்கொண்டு, அப்புறம் மூச்சு முட்ட இருமல். இடியாப்பத்தைச் சூட்டோடு பொடியாக வெட்டி, கெட்டித் தேங்காய்ப்பாலிலோ பருப்பிலோ ஊறவைத்து, கரண்டியால் மசித்துக் கொடுத்தபோது இருமல் இல்லாமல் இறங்கியது. அதையே பிடித்துக்கொண்டாள்.

இடியாப்பத்தைப் பிழிந்தது மருமகள் விஜயலட்சுமி. மலர்விழி அடுப்படிக்குள் வரக் கூடாது. அவள் தெருப் பெண்கள் யாரும் அந்த அடுப்படிக்குள் போனதில்லை. தட்டைப் பின்வாசல் படியில் வைப்பார்கள், அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதரின் மலத்தை அள்ள அவள் கை ஆகும், துணியை அலச ஆகும், புண் வராமல் புரட்டிப் போட ஆகும். அடுப்பைத் தொட மட்டும் ஆகாது. நான் கேட்டதற்கு, அது அப்படித்தான் நர்சம்மா என்றார் தமிழரசன்.

பெரியவரின் மனைவி ராஜாம்பாளுக்கு முதலில் கத்திரிக்கோலைப் பார்த்தாலே ஆகவில்லை.

"துன்றத போய் கத்திரிக்கோலால வெட்னா வூடு வெளங்குமாடி?"

"புதுக் கத்திரிக்கோலும்மா. இதுவரிக்கும் ஒரு துணி கூட வெட்னதில்ல" என்று சொல்லிவிட்டு மலர்விழி வெட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர் பாதி வாயால் சிரித்தார். ஒரு மாதத்தில் கொஞ்சம் பேச்சு வந்தது. இடியாப்பத்துக்கு அவர் வைத்த பெயர் நூலு. தட்டு வரத் தாமதமானால், நூலு எங்க என்று கேட்பார். கன்னம் கொஞ்சம் பூசியிருந்ததை நானே போய்ப் பார்த்தேன்.

ஆனால் பார்க்க வருகிறவர்கள் கன்னத்தைப் பார்ப்பதில்லை. சாப்பிட்டாரா என்பார்கள். ஆச்சுங்க, இடியாப்பம் என்பாள். மதியத்துக்கு என்பார்கள். அதுவும் இடியாப்பம்தான் என்பாள். பத்தாயம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு கிழவனுக்கு ஒரு பிடி சோறு போடவில்லை என்று தெருவில் போய்ப் பேசுவார்கள். வீட்டாருக்கு அது பெரிய மானக்கேடாகப் போயிற்று.

மகள் ராதிகா தமிழரசனுக்கு அக்கா, எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஆடி மாதம் வந்தாள். வந்த அன்று மதியம் மலர்விழி பம்புசெட்டில் பெட்ஷீட் அலசப் போயிருந்தாள். ராதிகா ரசத்தைத் தளரத் தளர ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, படுத்திருந்த அப்பாவுக்குத் தலையணையில் சாய்ந்தபடியே ஊட்டினாள். ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகள் கையால் சோறு, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

மலர்விழி திரும்பி வந்தபோது பெரியவரின் குரல் களகளவென்றிருந்தது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல. அவள் தட்டைப் பார்த்தாள். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்துப் பருக்கைகளை விரலால் வழித்து எடுத்தாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள்.

"இன்னாத்துக்கு? எங்கப்பா ஆச தீர துன்னாரு. ஒனக்கு அது பொறுக்கலியா?" என்றாள் ராதிகா.

தமிழரசன் காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் காய்ச்சல் நெருப்பாக இருந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விட்டது என்று டாக்டர் தமிழரசனிடம் சொன்னபோது மலர்விழியும் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு வாரம் தாங்கவில்லை.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். ராதிகா இலையில் குவியலாகச் சோற்றை வைத்துவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். "இப்பனா வவுறு நெறைய துன்னுப்பா. உசுரோட இருந்தப்ப சோத்தையே கண்ணுல காட்டலியே அந்தப் பாவி." பந்தலுக்கு வெளியே நின்ற மலர்விழியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தமிழரசனைப் பார்த்தாள். தமிழரசன் தரையைப் பார்த்தார். ராஜாம்பாள் மகனைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பனைச் சாகக் கொடுத்த மகளின் துக்கம் எனக்குப் புரியும். துக்கத்தில் உளறலாம். உண்மை தெரிந்த மகன் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு என்ன பெயர்?

அதோடு மலர்விழியின் பிழைப்பு முடிந்தது. ரிஷிவந்தியத்தில் ஒரு வீடு அவளுக்காகவே காத்திருந்தது, வேண்டாம் என்று போன் செய்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். உங்க ஆளுக்கு நீங்க ஏந்துக்கினு பேசத்தான் செய்வீங்க என்றார்கள். இதில் நியாயமும் இருக்கிறது, நான் அனுப்பியவள்தானே. சொல்ல வேண்டிய வாய் என்னுடையது அல்ல.

தமிழரசன் வீட்டுக்குப் போனேன். வெளியே சொன்னால் அக்கா உயிரை விட்டுவிடும் என்றார். இவள் உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்டேன். காபி குடியுங்கள் என்றார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மலர்விழி மலையடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போனாள். சிங்கப்பூரில் ஒரு கிழவியைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டவள், இருமலின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிறவள், வெயிலில் கிழங்கு பிடுங்கினாள். கூட வேலை செய்கிறவர்களும் சும்மா விடவில்லை. மதியம் தூக்குவாளியைத் திறந்தால், இன்னா, சேமியாவா என்பார்களாம்.

தை பிறந்து ராஜாம்பாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும், மலர்விழி வந்தால்தான் ஆயிற்று என்று ஒரே பிடிவாதம். தமிழரசன் என்னிடம் வந்தார். உங்கள் வாயால் அவளையே கேளுங்கள் என்று கிழங்குக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன்.

மலர்விழி கை மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மொதல்ல ஐயாவுக்கு யாரு சோறு ஊட்னதுன்னு சொல்லுங்கண்ணே. அப்பறமா மத்தது பேசலாம்."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சது நான் ஊட்டலன்றது. பால் சொசைட்டியில வந்து சொல்லுங்க. காலைல ஊரே அங்கதான் கேனத் தூக்கிக்கினு நிக்கிது."

பங்காளிகளைக் கூப்பிட்டு வீட்டில் வைத்துச் சொல்கிறேன் என்றார். போனது போச்சு, அதைப் போய் ஏன் கிளறிக்கினு என்றார். அவள் அடுத்த செடியைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, எங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் பால் சொசைட்டிக்கு வந்தார். பால் கொண்டுவருவது அவர் வீட்டு ஆள்தான், அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. வரிசையே திரும்பிப் பார்த்தது. மலர்விழியும் நானும் ஓரமாக நின்றிருந்தோம். அவர் பால் கேனைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் ஜாஸ்தியா பேசுங்க" என்றார் பால் அளக்கிறவர்.

"எங்கப்பாவுக்கு சோறு ஊட்னது எங்கக்கா. அதுலதான் போய்ட்டாரு."

மலர்விழியின் தெருவிலிருந்து பால் ஊற்ற வந்திருந்த ஒரு கிழவி விடவில்லை. "அப்ப இவ பட்டினி போடலியா?"

"இல்ல. டாக்டர் சொன்னததான் செஞ்சா." கேனிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

கிழவி, "தெரிஞ்சிக்கினுதான் இருந்தியா. நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் கேனை முன்னால் நகர்த்தினாள்.

தமிழரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலர்விழியிடம் வந்தார். "சரி, கெளம்பு. அம்மா காத்துக்கினு இருக்குது."

"நான் வரேன்னு எப்ப சொன்னேன்?"

"நீதான இங்க வந்து சொல்லச் சொன்ன?"

"எம் பேர எடுத்துக்கினு போனீங்க, திருப்பிக் குடுத்தீங்க. எங்கிட்டருந்து எடுத்தத எங்கிட்ட குடுக்கறதுக்கு நான் இன்னாத்துக்குண்ணே வேல செய்யணும்?"

அவர் என்னைப் பார்த்தார். ராஜாம்பாளுக்கு வேறொரு பெண்ணை அன்றைக்கே அனுப்பினேன். இடுப்பு முறிந்தவரை அப்படியே போட்டுவைக்க முடியாது. மலர்விழி இரக்கமில்லாதவள், வயதானவள் கேட்டும் போகவில்லை என்று சிலர் இப்போது பேசுகிறார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு அத்தனை மாதம் வாயைத் திறக்காத அந்த வயதானவளை யாரும் பேசக் காணோம். ராதிகா தாய் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தம்பி தன்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான் என்கிறாளாம்.

அந்த வாரமே ரிஷிவந்தியத்து வீட்டார் மறுபடி போன் செய்தார்கள். மன்னிப்பெல்லாம் இல்லை, எப்போது வருவாள் என்று மட்டும் கேட்டார்கள். நான் மலர்விழியிடம் சொன்னேன். அவள் சம்பளம் கேட்கவில்லை, வீடு எப்படி என்று கேட்கவில்லை.

"ஊட்டறது யாருன்னு பேசிட்டீங்களா நர்சம்மா?"

பேசிவிட்டேன், நீ மட்டும்தான் என்றேன். மறுநாள் முதல் பேருந்தில் போய்ச் சேர்ந்தாள்.