அத்தை மறந்துவிட்டு வரும் குடை

“சித்திரை, கடைசி ஞாயிறு. திராட்சைத் தோட்டத்து வீடு, இரண்டாம் முறை. பாப்பாவையும் கூட்டிப் போனேன். டம்ளர் மூன்றும் துலக்கும் இடத்தில் ஒன்றாகவே கிடந்தன. பிள்ளை பார்த்துச் சொன்னது.”

அத்தையின் கோடு போட்ட நோட்டில் நீல மையில் இருக்கும் குறிப்பு இது. வருடம் எழுதவில்லை. நான் நான்காம் வகுப்புப் பரீட்சை முடித்த கோடை அது. அப்பாவும் அம்மாவும் மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். நான் பழனிசெட்டிபட்டியில் அத்தை வீட்டில் இருந்தேன். ஆகவே வருடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. சிரமம் வேறு இடத்தில். குறிப்பில் வரும் பிள்ளை நான். கடைசி வாக்கியம் உண்மை. அதற்கு முந்தையது பொய்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் மணியில் பொறித்த தேதி, பழைய பத்திரம் என்று எதைப் பார்த்தாலும் இரண்டாவது சான்று கேட்கிற பழக்கம் எனக்கு. நண்பர்கள் கேலி செய்வார்கள். என் வாயால் ஓர் ஆவணத்தில் ஏறிய முதல் தகவலே பிழையானது என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

அத்தை அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். மாமா கணக்கு வாத்தியார். எச்.ஐ.வி.யோடு பிறந்து, பெற்றவர்களையும் இழந்த குழந்தைகளுக்கு ஒரு வீடு அமைவதற்காக இருவரும் ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். தத்து விஷயத்தில் முடிவு சொல்ல அதிகாரிகளும் நீதிமன்றமும் உண்டு. அத்தையும் மாமாவும் செய்தது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை. கேட்டு வருகிறவர்களிடம் நோயைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள். பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு மருந்துக்கும் பரிசோதனைக்கும் வருடக்கணக்கில் கூடவே நிற்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பிள்ளையைத் தனியாக உட்காரவைத்தார்கள் என்று தெரிந்தால், மாமா லீவு போட்டுவிட்டுப் போய் அந்தப் பெஞ்சில் பிள்ளைக்குப் பக்கத்தில் சாயங்காலம் மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். சண்டை போடத் தெரியாத மனிதர். உட்காரத் தெரியும்.

அந்தக் கோடையில், உரிய அனுமதியோடு, நான்கு வயதுப் பாப்பா ஒருத்தி அத்தை வீட்டில் இருந்தாள். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மருந்து சாப்பிடுகிறவள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே தட்டில் சாப்பிட்டோம். பெரிய டம்ளர் யாருக்கு என்று தினமும் சண்டை போட்டோம்.

அத்தையிடம் ஒரு கறுப்புக் குடை இருந்தது. பட்டன் அறுந்துபோனதால் சிவப்பு நூலால் கட்டியிருக்கும். போகிற வீட்டிலெல்லாம் அதை மறந்துவிட்டு வருவார். தெருமுனை வந்ததும் ‘அடடா, குடை’ என்று திரும்பிப் போவார்.

“ஒங்க அத்தை, கல்யாணத்தன்னைக்கு என்னையவே மண்டபத்துல மறந்துட்டு வந்தவ,” என்பார் மாமா.

“மறந்துருந்தா நிம்மதியா இருந்துருப்பேன். நீங்கதான் பின்னாலயே வந்துட்டீகளே,” என்பார் அத்தை.

அது மறதி இல்லை என்பதை நான் பெரியவளான பிறகுதான் மாமா சொன்னார். பிள்ளை கேட்டு வருகிற எல்லாருமே தங்களுக்குப் பயமில்லை என்றுதான் சொன்னார்கள். வாய் சொன்னதைக் கையும் செய்கிறதா என்று பார்க்க அத்தை கண்டுபிடித்த வழி அந்தக் குடை. பிள்ளையோடு போவார், கொடுத்ததைக் குடிப்பார், விடைபெறுவார். பத்து நிமிடம் கழித்துக் குடைக்காகத் திரும்பிப் போவார். அதற்குள் பிள்ளை குடித்த டம்ளர் எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வீட்டில் அது குப்பைக்குழியில் கிடந்ததாம். இன்னொரு வீட்டில் நாய்க்குப் பால் ஊற்றப் போயிருந்ததாம். அந்த இரண்டு வீட்டுக்கும் எந்தப் பிள்ளையும் போகவில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் போனது ராயப்பன்பட்டிப் பக்கம், ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு. திரும்பும்போது வீரபாண்டித் திருவிழாவில் இறங்கி என்னை ராட்டினத்தில் ஏற்றிவிடுவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். பாப்பாவுக்கு அன்றைக்கு ஒரு வீடு அமைய வேண்டியிருந்தது. எனக்கு ராட்டினம்.

அந்த வீட்டு அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடமாகக் குழந்தை இல்லை. மூன்று எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார். பாப்பா பாதி குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் இருந்து வந்த அவருடைய வீட்டுக்கார அண்ணன், பாப்பா பயந்துவிடுவாளோ என்று கட்டிலின் ஓரத்தில் தள்ளியே உட்கார்ந்தார்.

“மருந்து நேரம் தவறவே கூடாது,” என்று அத்தை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

“கடியாரம் ரெண்டு வாங்கி மாட்டிட்டோம்க்கா,” என்றார் அந்த அக்கா. “ஒன்னு நின்னு போனாலும் இன்னொன்னு இருக்கும்ல.”

“ரெண்டும் ரெண்டு நேரம் காட்டுது,” என்றார் அண்ணன். “நான் எதப் பாத்துத் தோட்டத்துல இருந்து ஓடியாறதுன்னு கேளுங்க.”

“முன்னால ஓடுறதப் பாத்து ஓடியாங்க. அது ஒன்னும் குத்தமில்ல.”

அத்தை சிரித்துவிட்டார். புறப்படும்போது குடை ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது. அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வழக்கம்போல மறந்துவிட்டாரே என்று எனக்குப் பொறுப்பு பொங்கியது. குடையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பஸ் நிற்கும் புளியமரம் வரை வந்து, அங்கே நீட்டினேன்.

“அத்தே, நீங்க மறந்தீக. நான் மறக்கல!”

அத்தை குடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“கெட்டிக்காரிதான் போ. இன்னைக்குன்னு பாத்து ஒனக்கு இம்புட்டு அறிவு வந்துருக்கு.”

பாப்பா தோளில் தூங்கியிருந்தாள். அத்தை சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆத்தா, கைக்குட்டைய விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒரு ஓட்டம் ஓடிட்டு வா. துலக்குற எடத்துல நம்ம குடிச்ச டம்ளர் மூணும் கிடக்கான்னு மட்டும் பாரு. ஒன்னும் கேக்காத.”

“கைக்குட்டை இங்கனதான இருக்கு.”

“அதக் குடு.” வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். “இப்ப இல்லைல? ஓடு.”

வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே இரண்டு டம்ளர்கள் கிடந்தன. மூன்றாவது அடுப்படி ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது, பாதி மோரோடு. அந்த அக்கா அதற்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“அத்தைட்ட சொல்லிராத, ஆத்தா.”

விருந்தாளிகள் போன பிறகும் பாத்திரம் துலக்காமல் கிடப்பதற்காகக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். என் அம்மாவும் அப்படித்தான். கைக்குட்டையைக் கேட்கவே மறந்துவிட்டேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஓடினேன்.

“மூணும் கிடந்துச்சா?”

“கிடந்துச்சு.”

“ஒன்னாவா?”

“ஒன்னாத்தான் அத்தே.”

இல்லை என்று சொன்னால் அத்தை திரும்பிப் போவார், பஸ் போய்விடும், ராட்டினமும் போய்விடும். பொய்க்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். மீதி, அந்த அக்காவின் கண்.

வீரபாண்டியில் ராட்டினம் ஏறினேன். உச்சியில் நின்றபோது, கீழே வெயிலுக்குக் குடையை விரித்து, பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அத்தை அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் கேட்டார்.

“மேல இருந்து என்னடி தெரிஞ்சுச்சு?”

“எல்லாந் தெரிஞ்சுச்சு அத்தே. ஆறு, தென்னந்தோப்பு, தேரு…”

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

அத்தை என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, இன்னொரு சுற்று ஏற்றிவிட்டார்.

நடைமுறைகளெல்லாம் முடிய மாதங்கள் ஆயின. பாப்பா அந்த வீட்டுக்கே போனாள். விவரம் தெரிந்த வயதில் டம்ளரின் அர்த்தம் எனக்குப் புரிந்ததும், அந்த வீட்டுப் பேச்சு வந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒரு குழந்தையை என் பொய் எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்ற எண்ணம் போகவே இல்லை.

அத்தை இறந்த பிறகு, நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தரச் சொல்லி மாமா என்னிடம் கொடுத்தார். இந்தக் குறிப்பு வந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை.

“அடுத்த பக்கத்தத் திருப்பு.”

திருப்பினேன். “புதன். அதே வீடு, நான் மட்டும். கேட்கும் முன்பே அந்தப் பெண் சொன்னது. ஞாயிறு அன்று பாப்பாவின் டம்ளரைத் தனியே வைத்துவிட்டதாகவும், கழுவக் கை வரவில்லை என்றும், வெகுநேரம் அழுததாகவும். பிறகு கழுவி மற்றதோடு வைத்ததாம். பொழுது சாயும்வரை பேசினோம். பயந்ததைச் சொல்கிறவள் பிள்ளைக்கு ஒன்று என்றாலும் மறைக்க மாட்டாள். இந்த வீடு சரி.”

“ஒன் பேச்ச மட்டும் நம்பி ஒரு பிள்ளைய அனுப்பியிருப்பாளாக்கும் ஒங்க அத்தை?” என்றார் மாமா. “அந்த வீட்டுக்கு எத்தன தடவ போனோம்னு எண்ணிப் பாரு.”

எண்ணத் தொடங்கினேன். பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருடம் நான் சுமந்த பாரத்துக்கு எடையே இல்லை என்பதில் நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு சிவப்பு நூல் கட்டிய குடையை நான் அத்தையிடம் பார்க்கவில்லை. புதுக் குடை ஒன்று வந்துவிட்டது. ஒத்துப்பார்க்கலாம் என்று திராட்சைத் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பாப்பா இப்போது வேலைக்குப் போகிறாள். எங்கே என்று எழுத வேண்டாம் என்றாள்; எழுதவில்லை. சுவரில் இன்னும் இரண்டு கடிகாரங்கள், இன்னும் இரண்டு நேரம். அதே ஜன்னல் கம்பியில் குடை தொங்கியது. நூல் வெளுத்திருந்தது.

“எத்தன தடவ சொல்லியிருப்பேன், அக்கா குடைய எடுத்துட்டுப் போங்கன்னு,” என்றார் அந்த அக்கா. “வருவாக, பாப்பா டம்ளர்லயே மோர் குடிப்பாக. குடைய அப்பிடியே விட்டுட்டுப் போயிருவாக. அத எடுக்கத் திரும்பியும் வர மாட்டாக.”

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை அத்தை ஏன் அடித்துத் திருத்தவில்லை என்று மாமாவிடம் கேட்டேன். “அவ எதையும் அடிக்க மாட்டா. யாரு சொன்னதுன்னு மட்டும் எழுதி வப்பா,” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

ராட்டினத்தின் கீழே நின்று “எல்லாமா?” என்று கேட்டபோதே நான் மறைத்தது அத்தைக்குத் தெரிந்திருந்ததா, அல்லது புதன்கிழமைதான் தெரிந்ததா? நோட்டில் இல்லை. இரண்டாவது சான்றும் கிடைக்கவில்லை. இன்னும் உறுதிசெய்யப்படாதது என்றே இங்கே குறித்து வைக்கிறேன்.