லட்சுமி அட்டை போட்ட புத்தகம்

என் மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கினால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் படித்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுக்கிறேன். முயல் கதையாக இருந்தாலும் சரி, நடுவில் முயலுக்கு ஏதாவது ஆகிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். இது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் நான் வளர்ந்த வீட்டில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அம்மா திகில் நாவல் படிப்பாள். சாதாரணத் திகில் இல்லை. வெள்ளைச் சேலை நடந்து போவதும் கதவு தானாகத் திறப்பதும் அவளுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. தலை தனியாகப் போக வேண்டும். தோல் உரிய வேண்டும். "படிக்கையில சோறு இறங்கக் கூடாது. இறங்கிருச்சுன்னா அது என்ன கதை?" என்பாள். எந்தப் புத்தகத்தையும் அவள் எடைபோட்டது அதை வைத்துத்தான். இரண்டு கவளத்தோடு தட்டை ஒதுக்கிவிட்டாள் என்றால் கதை முதல் தரம்.

புத்தகம் எடுத்து வருவது என் வேலை. அப்போது நான் சிவகாசியில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைப் புத்தகக் கடை ஒன்று இருந்தது. சைக்கிளை நிறுத்தும்போதே கடைக்காரர் சத்தமாகக் கேட்பார். "பாப்பா, இதுல நாலு தலைதான் போகுது. அம்மாவுக்குப் போதுமா?" கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அழுகை வரும். ஒருமுறை வேண்டுமென்றே ஒரு குடும்பக் கதையை எடுத்து வந்தேன். அம்மா பத்துப் பக்கம் படித்துவிட்டு, "இதுல எல்லாரும் உசுரோடயே இருக்காகளே. போய் மாத்திட்டு வா" என்றாள்.

படிப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் அதைப் படிக்கச் சொல்லுவாள். பால்காரம்மாவிடம் சொன்னாள். ரேஷன் வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னாள். என் வகுப்பு டீச்சரிடம், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்த இடத்தில், "உரிக்கான் டீச்சர், அப்படியே வெங்காயம் உரிச்சாப்ல. நீங்க கண்டிப்பாப் படிக்கணும். பிள்ளட்ட கொடுத்து விடுதேன்" என்றாள். டீச்சர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையே வேறு.

காலையில் எங்கள் வீட்டில் நாலைந்து பெண்கள் கூடி வெடிப் பெட்டிக்கு அட்டை ஒட்டுவார்கள். பசை தடவிக்கொண்டே அம்மா முந்தின நாள் படித்த கதையைச் சொல்லுவாள். ஒன்றை மட்டும் அவளுக்காகச் சொல்ல வேண்டும். கதையைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். வெட்டியது இடது கை என்றால் இடது கைதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் நான் ஒளிந்து படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் தாங்காது. இருந்தாலும் படித்தேன். அவள் சரியாகச் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் படிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புத்தகங்களின் அட்டைப்படங்களை வீட்டில் வைத்திருக்க முடியாது. அப்பா ஒரு பிரஸ்ஸில் மெஷின்மேன். காலண்டர் சீசனில் கலர் விலகிப்போன சாமிப் படத் தாள்களை வேஸ்ட் என்று கொண்டுவருவார். அதை வைத்துத்தான் அம்மா நாவல்களுக்கு அட்டை போடுவாள். வெளியே முருகன், உள்ளே அறுந்த காது. வெளியே சரஸ்வதி, உள்ளே கிணற்றில் ஏழு பிணம். இது பாவமில்லையா என்று நான் கேட்டேன். "சாமி காவலுக்கு இருக்கட்டும்லா" என்றாள்.

அந்த ஆண்டு சித்திக்கு ஒரு வரன் வந்தது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருபத்தெட்டு வயதாகியும் எதுவும் அமையாமல் அப்பா அலைந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் காரியாபட்டியில் சொந்தக் கடை, சொந்த வீடு. முதல் மனைவி காய்ச்சலில் தவறிவிட்டாள், மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார் தரகர். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம். அப்பா பாதி வாக்குக் கொடுத்துவிட்டார். சித்தியை யாரும் கேட்டதாக நினைவில்லை.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய புதன்கிழமை அம்மா காரியாபட்டிப் பக்கம் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். சாயங்காலம் திரும்பியவள் நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். துட்டிக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "அம்மா, குளிக்கல நீ" என்றேன். அவள் அப்போதும் எழுந்து போகவில்லை. சித்தி போட்ட சோற்றை இரண்டு கவளத்தோடு ஒதுக்கினாள். பஸ்ஸில் நல்ல கதை ஒன்று படித்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அம்மா புஸ்தகம் ஒன்னுகூட அவுக கண்ணுல படக் கூடாது. நீ பொறுப்பான பிள்ள. உன்னைத்தான் நம்பியிருக்கேன்." பொறுப்பான பிள்ளை என்ற சொல்லுக்காக நான் எதையும் செய்வேன். வீடு முழுக்கத் தேடி ஒன்பது புத்தகங்களை எடுத்து அரிசி டிரம்முக்குள் சாக்கு போட்டுப் புதைத்தேன். எட்டாவதாக எடுத்தது லட்சுமி அட்டை போட்டது. சிவப்பு மசி விலகி, லட்சுமியின் பொட்டு புருவத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளறைக்கு வந்தார். மெதுவாகப் பேசும் பெரிய மனுஷி, கழுத்து நிறைய நகை. அவருக்கு எதிரே, டிவிக்கு மேலே, லட்சுமி அட்டை போட்ட புத்தகம் இருந்தது.

நான் காபித் தட்டை நீட்டி அதை மறைக்கப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பக்தியான குடும்பம்னு தரகர் சொன்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்தார். முதல் பக்கத்திலேயே ஊறுகாய் ஜாடிக்குள் விரல்கள் மிதக்கும் படம்.

"என்னம்மா இது?"

"கதைப் புஸ்தகம் மதினி" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "கொண்டுபோங்க, படிச்சுட்டு மெதுவாக் கொடுங்க."

"ஐயோ, எனக்கு ரத்தம்னாலே மயக்கம் வந்துரும்."

"அப்போ நான் வாயால சொல்லுதேன், கேளுங்க."

எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பால்காரம்மாவை விடவில்லை, டீச்சரை விடவில்லை, இவரையாவது விட்டிருக்கக் கூடாதா? சித்தி பட்டுச் சேலையில் சுவரோரம் தலைகுனிந்து நின்றிருந்தாள். நான் அப்பாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டால் புத்தகத்தை ஒளிக்காத குற்றம் என் மேல் வருமே என்றும் யோசித்தேன். அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"கடையும் வீடும் சேந்தாப்ல ஒரு இடம் மதினி. மாமியா, மகன், மருமக. மருமகளுக்கு ஒரு கைப்பிள்ள. ஒருநா மத்தியானம், ஸ்டவ் வெடிச்சுருச்சுன்னு மாமியாக்காரி கத்துதா. தெருவே ஓடியாருது. பாத்தா, அடுப்படிக் கதவு வெளிய தாப்பா போட்டிருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா பூந்தியை மெல்லுவதை நிறுத்தினார்.

"உள்ளேருந்து அவ கதவைப் பிராண்டியிருக்கா மதினி. அஞ்சு வெரலும் பதிஞ்சு அஞ்சு கோடு. பொறவு கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்காக. அடிச்சும் கோடு மறையல. அதை விடுங்க, வெடிச்சதுன்னு சொன்ன ஸ்டவ்வு மூலையில முழுசா உக்காந்திருக்கு. எண்ணெய் தளும்புது."

பெட்டி ஒட்டும்போது அம்மா கதை சொன்னால் கை ஆடும், கண் உருளும். அன்று ஒன்றும் ஆடவில்லை. அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கோ பொறுக்க முடியவில்லை. நான் படித்த புத்தகம் அது. மலைப் பங்களாவில் ஒரு சமையல்காரன் விருந்தாளிகளின் விரல்களை நறுக்கி ஊறுகாய் போடும் கதை. அம்மா முதன்முறையாகத் தப்பாகச் சொல்கிறாள்!

"அம்மா, அந்தக் கதையில அப்படி வரவே இல்ல" என்றேன். "அதுல பொம்பளையே கிடையாது. சமையல்காரன், ஏழு விருந்தாளி, ஒரு நாய். நான் முழுசாப் படிச்சேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "அப்ப வேற எங்கயோ கேட்டதைச் சேத்துச் சொல்லிட்டேன் போல. காப்பி ஆறுது மதினி, குடிங்க."

காபியில் ஆடை படிந்துவிட்டது. அவர் குடிக்கவில்லை. வெயில் ஏறுகிறது என்றார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்றார். போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அப்பா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். "ஒரு நா, ஒரே ஒரு நா அந்தக் கருமத்தை மூடி வைக்க முடியலயா உனக்கு?" அம்மா காபி டம்ளர்களை அடுக்கினாள். நான்தான் ஒளிக்க மறந்துவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். அரிசி டிரம்மில் வைத்தது அவ்வளவு நன்றாக நினைவிருந்தும், நான்தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நம்பினேன். இன்றும் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறேனே, அந்த வியாதி அன்றுதான் ஆரம்பித்தது. அம்மா அந்தப் பழியை என் மேலேயே விட்டுவைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

சித்தி கொல்லையில் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. "என்னாலதான் சித்தி. குறுக்கப் பேசிட்டேன்" என்றேன். என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு, "நீ நல்லா இருப்பட்டி" என்றாள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவளை எதற்கு வாழ்த்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் தரகர் வந்து, ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு சித்தி ஆலங்குளத்தில் வாழ்க்கைப்பட்டாள். நன்றாக இருக்கிறாள்.

எனக்கு மகள் பிறந்தபோது துணைக்கு வந்திருந்த சித்தி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அந்தப் புதன்கிழமை அம்மா போனது துட்டி வீட்டுக்கு இல்லை. இறந்துபோன முதல் மனைவியின் அம்மாவைத் தேடிப் போயிருக்கிறாள். அந்த அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பேத்தி அந்த வீட்டில்தான் வளர்கிறாள். தான் சொன்னதாக வெளியே தெரிந்தால் பேத்தியின் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். அம்மா சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் காரியாபட்டிக்கே போய்ச் சத்தம் போடுவார். தங்கையை அங்கே அனுப்பவும் கூடாது, அந்த அம்மாவின் பேரும் வரக் கூடாது. நாம் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவர்களே வேண்டாம் என்று போய்விட்டால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அதனால் ஞாயிறு காலையில் அரிசி டிரம்மைத் திறந்து, லட்சுமியை எடுத்து, டிவி மேல் வைத்தாள்.

"நீ மட்டும் வாயைத் தொறக்கலன்னா, ஏதோ கதைதான்னு நெனச்சிருப்பா அந்தப் பொம்பள" என்றாள் சித்தி.

அந்தப் பேத்தி என்ன ஆனாள் என்று கேட்டேன். சித்திக்குத் தெரியவில்லை. இப்போது அவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். அம்மா வேறு ஏதாவது செய்திருக்க வேண்டாமா என்று சில நாள் தோன்றுகிறது. என்ன செய்திருக்க முடியும் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

பதினோரு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கிருந்த கவலையெல்லாம் அம்மா கதையை மாற்றிவிட்டாளே என்பதுதான். ஏதாவது பக்கம் விட்டுப்போயிருக்குமோ என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். இருட்டுவதற்குள் இரண்டு தடவை பார்த்து முடித்து, புத்தகத்தோடு அவள் முன்னால் போய் நின்றேன். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"தொண்ணூத்தாறு பக்கமும் இருக்கு. நீ சொன்னது எதுலயும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை."

"சரி."

"அப்ப அது எந்தப் புஸ்தகம்? கடைக்காரர்ட்ட பேரு சொல்லணும். நானும் படிக்கணும்."

அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "அது உனக்கு வேண்டாம்" என்றாள்.

ஊரில் எல்லாரையும் எல்லாப் புத்தகத்தையும் படிக்கச் சொன்னவள், இருந்ததிலேயே நல்ல புத்தகத்தை என்னிடமிருந்து மட்டும் ஒளிக்கிறாள் என்று அன்று இரவு முழுக்க நான் அவளோடு பேசவில்லை.