கைப்பிடிச் சுவர் எங்கே என்று எழுதிக் கேட்டவர்

கணபதி அண்ணாச்சி போய்விட்டார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன்... தூக்கத்திலேயே போயிருக்கிறது உயிர்.

எங்கள் தொகுதியில் ஒரே ஒரு முறை ஜெயித்த எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. சட்டசபையில் வாயே திறக்கமாட்டார் என்று மீம் போட்டுக் கேலி செய்தார்கள். திறக்கமாட்டார்தான். எழுதிக் கேட்பார்.

என் தம்பி முருகேசன் சோழபுரம் ஓடைப் பாலத்தில் பைக்கோடு விழுந்து செத்தான். பாலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. கட்டி முடித்ததாகப் பேப்பரில் மட்டும் இருந்தது.

அந்த வேலையைப் பார்த்த இன்ஜினியர் ஊர் முழுக்கச் சொன்னார்... "பய ஃபுல் போதைல வந்து விழுந்துட்டான்."

டீ கூடக் குடிக்காதவன் என் தம்பி.

அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "சட்டசபையில அந்த ஆளக் கிழிகிழின்னு கிழிங்க அண்ணாச்சி!"

"கத்துனா மந்திரி எந்திரிச்சு, ஆவன செய்யப்படும்னு சொல்லிட்டு உக்காந்துருவாரு தாயி. எழுதிக் கேப்போம். கேள்வி மெட்ராஸ்லருந்து எறங்கி எறங்கி அந்த ஆளு மேசைக்குத்தான் வரும். பதில அவன்தான் எழுதணும்."

கேட்டது இவ்வளவுதான்: பாலத்தில் கைப்பிடிச் சுவர் கட்டப்பட்டுள்ளதா? ஆம் எனில், நேரில் பார்த்துச் சான்றளித்த அலுவலர் யார்?

எனக்கு ஆத்திரம். "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாதவர் மாதிரி கேட்டுருக்கீய?"

"அப்படிக் கேட்டாத்தான் தாயி பொய் சொல்லுவான்."

சொன்னார். இன்ஜினியர் 'ஆம்' என்று எழுதி, சான்றளித்தவர் என்று தன் பெயரையும் பதவியையும் போட்டு அனுப்பினார். பேசாத எம்.எல்.ஏ. பாலத்தை வந்தா பார்க்கப்போகிறார் என்ற திமிர். அந்தப் பொய் மந்திரி பெயரில் சபைக்கே போய்விட்டது.

அண்ணாச்சி பாலத்தில் நின்று எடுத்த போட்டோவோடு, சபைக்கே பொய் சொன்னது உரிமை மீறல் என்று சபாநாயகருக்கு எழுதினார். மந்திரியின் கோபம் நேராக இன்ஜினியர் தலையில் இறங்கியது. சஸ்பெண்ட்.

அன்று பால்கோவா வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். வெட்கமே இல்லை எனக்கு.

அந்த ஆள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து அழுதபோது நானும் இருந்தேன். "புள்ளகுட்டிக்காரன்யா... மனசு வைங்க."

"வைக்கேன். இவ தம்பி குடிச்சிருந்தான்னு சொன்னீயளே, அது பொய்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

பேனாவைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டார்.

சஸ்பெண்ட் பிறகு நீங்கி, இப்போது ரிட்டயர்டு. பென்ஷன், பேரன், ஃபேஸ்புக். இன்று அவரும் அண்ணாச்சிக்கு அஞ்சலி போட்டிருக்கிறார்... 'நேர்மையின் சிகரம்' என்று, கை கூப்பும் இமோஜியோடு.

அதற்குக் கீழே போய்க் கேட்டேன்: சோழபுரம் முருகேசன் குடித்திருந்தாரா? ஆம் எனில், நேரில் பார்த்தவர் யார்?

அழித்தார். மறுபடி கேட்டேன். மறுபடி அழித்தார். இதோ, மறுபடியும் கேட்டிருக்கிறேன்.

நிம்மதியாகப் போங்க அண்ணாச்சி. இந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்.