நாங்கள் கெப்பாலா பத்தாஸ் என்று அழைத்த அமெரிக்க ஊர்

1. முதல் நாள்

“ஃபோன் லாக்கருக்குள்ள போயிடணும்மா.” இந்த வேலையில் என்னிடம் சொல்லப்பட்ட முதல் வாக்கியம் இதுதான். சொன்னவர் எங்கள் டீம் லீடர் குணா அண்ணன். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். காலையில் அவளைப் பட்டர்வொர்த்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஃபெரி ஏறி, மலேசியாவின் பினாங்குத் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுன் வந்திருந்தேன்.

“அண்ணே, பிள்ளைய பாத்துக்கறவங்க கூப்பிட்டா?”

“ஆபிஸ் நம்பர குடுத்து வை. வீடு நெருப்பு புடிச்சா மட்டும் கூப்பிடச் சொல்லு லா.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் மத்தியானம் வரை செல்வி அக்கா வீட்டு அடுப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை டிஸ்பாட்ச். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு வாழும் நோயாளிகள் இருக்கிறார்கள். கரண்டில் ஓடும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் அவர்களுக்கு மூச்சு கொடுக்கும். கரண்ட் போனால் பேக்கப் சிலிண்டர். அது தீர்வதற்குள் டிரைவர் புதிய சிலிண்டர் கொண்டுபோக வேண்டும். அங்கே இரவில் வரும் அழைப்புகள் பினாங்கில் எங்கள் பகலுக்கு வரும். நாங்கள் சிஸ்டத்தில் டிக்கெட் என்னும் பதிவைத் திறந்து, டிரைவரை எழுப்பி, வழி சொல்லி அனுப்புவோம்.

பார்த்திராத ஊர்களை மனத்தில் வைத்துக்கொள்ள டீமில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு அமெரிக்க ஊருக்கும் நம் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றை வைத்துவிடுவார்கள். ரயிலும் படகுத் துறையும் இருந்தால் பட்டர்வொர்த். கடைத்தெரு நெருக்கமாக இருந்தால் லிட்டில் இந்தியா. எனக்கு ஒதுக்கிய ஊரைத் திரையில் காட்டி, “இது நம்ம கெப்பாலா பத்தாஸ்” என்றார் குணா அண்ணன். “சின்ன ஊரு. சுத்தி விவசாயம், நடுவுல கோர்ட்டு, கவர்மெண்ட் ஆபிஸ். ஒரே ஒரு பெரிய ரோடு. ஈஸி லா.”

அந்த ஊரின் உண்மையான பெயரை இங்கே எழுதவில்லை. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் திரையில் தெரிந்த வரைபடத்தில் மேடு பள்ளம் கிடையாது. கோடுகள் மட்டும்தான்.

2. டானா சொன்ன ஊர்

அந்த ஊரிலிருந்து அடிக்கடி அழைத்தவர் டானா. பள்ளி பஸ் ஓட்டுபவர். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி நுரையீரல் கெட்டுப்போன தன் அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் கேட்க அழைத்தால் அதோடு விடமாட்டார். எனக்கும் வைக்க மனம் வராது. கால் நேரம் நீளுகிறதே, குணா அண்ணன் கேட்பாரே என்று ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்.

“உனக்குப் பிள்ளை இருக்கா, ஹனி?”

“ஒரு பொண்ணு. இப்பதான் உட்காரப் பழகுது.”

“இங்க பிள்ளைங்களே கம்மி. என் பஸ்ல பாதி சீட்டு காலி.”

ஊரின் கதை அவரிடமிருந்துதான் துண்டு துண்டாக வந்தது. இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே ஓர் ஓடை. முதலில் வந்தவர்கள் ஓடையை நம்பாமல் மேலே முகட்டில் குடியேறியிருக்கிறார்கள். மாட்டுவண்டிப் பாதை, கல் சுவர், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் மேலேதான். டானாவின் வெள்ளை வீடும் அந்தத் தேவாலயத்துக்குப் பின்னால்தான். பிறகு சுரங்கம் வந்தது. நிலக்கரியை ஏற்ற ரயில் வந்தது. ரயிலுக்குச் சமதரை வேண்டுமென்று ஓடையை ஒட்டியே தண்டவாளம் போட்டார்கள். ஊரும் கீழே இறங்கியது. சுரங்கம் மூடியதும் ரயில் போனது, பிறகு ஆஸ்பத்திரி போனது, கடைசியில் பள்ளிக்கூடமும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

“எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கறது அப்பாவோட இருமல் மட்டும்தான்” என்பார். பின்னால் அந்த முதியவர் ஏதோ சொல்லித் திட்டுவது கேட்கும். டானா சிரிப்பார்.

3. பெரிய ரோடு

ஒரு திங்கட்கிழமை நான் ஹெட்செட் மாட்டியபோது ‘கெப்பாலா பத்தாஸ்’ பக்கம் முழுவதும் கரண்ட் இல்லை. அங்கே முந்தைய நாளிலிருந்து மழை. டானாவின் கால் காத்திருந்தது.

“பேக்கப்புல ஓடுது, ஹனி. கேஜ் முள்ளு சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் கேட்டுட்டேன். அவங்க ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்களாம்.”

வழக்கமான டிரைவர் விடுப்பில் இருந்தார். பக்கத்து மாவட்டத்து ரே என்பவரை எழுப்பினேன். அந்த ஊருக்கு அவர் புதியவர். எந்த வழியில் போகலாம் என்று கேட்டார். திரை பெரிய ரோட்டைக் காட்டியது. எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. குணா அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அங்க வெள்ளம். பெரிய ரோடு பரவாயில்லையா?”

“கெப்பாலா பத்தாஸ்ல தண்ணி ஏறுனா ஜனங்க காடிய, பைக்க எல்லாம் எங்க ஏத்தி நிப்பாட்டுது? பெரிய ரோட்டுலதானே லா.”

பக்கத்து சீட்டு நஸ்ரின் தலையாட்டினாள். அவள் நிஜமான கெப்பாலா பத்தாஸ்காரி. “ஆமாக்கா, வயலுக்கு மேல மண்ணு கொட்டி ஒசத்திப் போட்ட ரோடு. கடைசியாதான் முழுகும்.”

என் கண்ணுக்கும் நெல்வயல்களுக்கு நடுவே உயர்ந்து போகும் சாலைதான் தெரிந்தது. ரேயிடம் அதையே சொன்னேன்.

பிறகு சிலிண்டர் வந்து சேரும் நேரத்தைச் சொல்ல டானாவைக் கூப்பிட்டேன். டிரைவர் பெரிய ரோட்டில் வருகிறார் என்றேன். பின்னால் முதியவரின் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

“அந்த ரோடா? அது ரயில் பாதை, ஹனி. தண்டவாளத்தப் பேத்துட்டு அது மேலதான் தார் போட்டாங்க. ஓடை முதல்ல ஏறுறது அங்கதான்.”

எல்லாமே அவர் எனக்குச் சொன்னதுதான். ரயில் ஓடையை ஒட்டிப் போனது தெரியும். ரயில் போய்விட்டது என்றும் தெரியும். போன ரயிலின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அதைத்தான் நாங்கள் பெரிய ரோடு என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

ரேயின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். சிக்னல் இல்லை. உதவிக்கு அவர்களுடைய அவசர எண்ணை அழைக்கலாமென்றால், பினாங்கிலிருந்து அது வேலை செய்யாது. அந்த ஊர் போலீஸான ஷெரீஃப் ஆபிஸின் முழு நம்பரைத் தேடி எடுத்து நஸ்ரின் முயன்றாள். அது எங்கேஜ்டாகவே இருந்தது.

4. கல் சுவர்

கடைசியில் ரேயே கூப்பிட்டார். “தண்ணி கதவு வரைக்கும் வந்துச்சு. வண்டிய விட்டுட்டு மேட்டுல ஏறிட்டேன். ரெண்டு சின்ன சிலிண்டர முதுகுல மாட்டியிருக்கேன். எந்தப் பக்கம் போகணும்?”

நோயாளி வீட்டாரையும் டிரைவரையும் ஒரே லைனில் சேர்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. குணா அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கான்ஃபரன்ஸ் போடு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

டானா வழி சொன்னார். “டார்ச்ச வலது பக்கம் காட்டு. கல்லு சுவர் தெரியுதா? அத விடாம மேல வா. அதுதான் பழைய வண்டிப் பாதை.” ரே மூச்சு வாங்க ஏறினார். நடுநடுவே டானா அப்பாவிடம், “மெதுவா, டாடி, மெதுவா” என்றார். ஆக்சிஜன் ஃப்ளோவைக் குறைத்தால் சிலிண்டர் இன்னும் கொஞ்ச நேரம் வருமா என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நர்ஸ் லைனுக்கு மாற்றினால் அங்கே காத்திருக்கச் சொல்லி இசைதான் ஓடியது. குறைக்கச் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு டானா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போய்விட்டார். லைன் திறந்தே இருந்தது.

“சுவர் முடிஞ்சுடுச்சு. இப்ப எங்க?” என்றார் ரே.

டானா சொன்ன கதைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். “கல்லறைத் தோட்டம் வரணும். இரும்பு கேட் இருக்கா?”

“இருக்கு.”

“உள்ள போயி அந்தப் பக்கமா வெளிய வாங்க. தேவாலயத்துக்குப் பின்னால வெள்ளை வீடு. வாசல்ல மஞ்சள் பஸ் நிக்கும்.”

எங்கள் ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கீழே தெருவில் யாரோ ஐஸ் கச்சாங் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் அந்த இருட்டில் செத்தவர்களின் நடுவே புகுந்து நடப்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பஸ் தெரியுது” என்றார் ரே. கதவு தட்டப்படும் சத்தம் டானாவின் ஃபோன் வழியாகக் கேட்டது. நஸ்ரின் என் தோளைப் பிடித்தாள். டானா லைனுக்குத் திரும்பி வந்தார்.

“வந்துட்டாரு, ஹனி. தொப்பறையா நனைஞ்சு நிக்கறாரு. துண்டு குடுத்திருக்கேன்.”

“அப்பாவுக்கு மாட்டியாச்சா?”

“அப்பாவுக்கு இனிமே வேணாம், ஹனி.”

இரண்டு சிலிண்டரையும் சமையலறையில் வைத்திருப்பதாகவும், யாருக்காவது தேவைப்பட்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும்படியும் சொல்லிவிட்டு டானா வைத்தார்.

டிக்கெட்டை மூட வேண்டும். சிலிண்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சிஸ்டத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ‘டெலிவர்டு.’ அதை அழுத்தினேன். கியூவில் அடுத்த கால் மின்னியது.

“எழுந்து போயி முகத்தக் கழுவு. நான் எடுக்கறேன்” என்று குணா அண்ணன் என் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டார். லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்தேன். என் மகள் தூங்கும் படம் ஒன்றைச் செல்வி அக்கா அனுப்பியிருந்தார்.

5. இப்போது

நல்ல வழியில் போயிருந்தால் ரே நேரத்தோடு சேர்ந்திருப்பாரா? முகட்டுப் பாதை சுற்றுவழி, சேறு. சேர்ந்திருக்க முடியாது என்கிறார் குணா அண்ணன். எனக்காகச் சொல்கிறாரா, தனக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவரே வெள்ளைப் பலகையில் இருந்த பட்டப்பெயர்களை எல்லாம் அழித்தார். டீமில் இப்போது எந்த ஊருக்கும் நம் ஊர்ப் பெயர் கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இப்போது என் வேலை. திரை சொல்லும் வழியை டிரைவருக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால், லைனில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்கிறேன். இந்த ரோடு வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? கால் நேரம் நீளும். நீளட்டும்.

அந்தக் கேள்வியை ஒருநாள் செல்வி அக்காவிடமும் கேட்டேன்.

“இங்கயா? இதெல்லாம் கடல் தண்ணியில நிக்கற பாக்காவ் மரமும் சேறுமா இருந்துச்சு லா. மண்ணு கொட்டி மூடிட்டுத்தான் இந்தத் தாமான் வீடுங்கள கட்டினாங்க. ஏன் கேக்கறே?”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அமெரிக்காவுல மழை பேஞ்சா நீ பட்டர்வொர்த்துல குடை புடிக்கிறே” என்றார். ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு இடம் தேட உதவினார். எங்கள் வேலை நேரத்துக்கும் சம்பளத்துக்கும் ஒத்துவரும் இடம் எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளையை இன்னும் அங்கேதான் விடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்த வட்டாரத்தில் நடந்து பார்த்தேன். பெரிய ரோடு பக்கம் போகாமல், பின்சந்து வழியாகப் போனால் பள்ளிக்கூடத்து மேடு வருகிறது. அக்காவுக்கு முட்டிவலி. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வெயில்ல எதுக்குடி என்னையப் போட்டு நடக்க விடறே?”

“மழையில வழி தெரியாதுக்கா. இப்பவே பாத்து வச்சுக்குங்க” என்றேன்.