கமுதிக்காரர்கள் ஓட்டிய வள்ளம்

கீழக்கரை சூஃபியாவுக்கு வாய் ஓயாது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே, இணையத்தில் கிடைத்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுக்கொண்டவள். சும்மாவும் கற்கவில்லை, வீடியோவில் பேசுகிறவனோடு சண்டை போட்டுக்கொண்டே கற்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவள் திட்டுவது அடுப்படியில் இருக்கும் உம்மாவுக்குக் கேட்கும். துபாயிலிருந்த வாப்பா, மகள் ஏதோ ஆபீஸ் வேலையை வீட்டில் வைத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவளும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஜெயப்பிரியா படம் வரைவாள். அவள் அப்பா தேவிபட்டினத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த சுகந்தன் கேமுக்கு வேண்டிய சத்தங்களைச் செய்வான். ஆரம்பத்தில் மூவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. ஜெயப்பிரியா செல்போனில் விரலால் தேய்த்தே வரைந்து பழகினாள். சுகந்தன் வெளிச்சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்துகொண்டு ஒலிப்பதிவு செய்யக் கற்றான். சூஃபியா முதன்முதலில் ஓடவிட்ட வள்ளமோ பின்பக்கமாகவே ஓடியது. சிரித்துச் சிரித்து மூவருக்கும் வயிறு வலித்துவிட்டது.

ஆமாம், அவர்கள் செய்தது ஒரு வள்ளம் ஓட்டும் கேம். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய் இறக்க வேண்டும்; இப்போதைக்கு முதல் தீவு வரைக்கும்தான் வரைந்திருந்தார்கள். வழியில் பார் இருக்கும், அதாவது தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும் பவளப்பாறைத் திட்டு. அதில் மோதினால் வள்ளம் உடைந்து ஆட்டம் முடிந்துவிடும். கீழக்கரையில் விளையாடிப் பார்த்தவர்கள் நன்றாக ஓட்டினார்கள். மண்டபத்தில் அதைவிட நன்றாக ஓட்டினார்கள். சூஃபியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சத் தீவுகளையும் முடித்து உலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று ஆடினாள்.

இந்த நேரம் பார்த்து ஜெயப்பிரியாவுக்குச் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. வேலைக்குப் போனால் கேமுக்கு வரைய நேரமிருக்காது. படம் இல்லாமல் கேம் ஏது? போவியா மாட்டியா என்று சூஃபியா பிடுங்கினாள். ஜெயப்பிரியா நிதானக்காரி, பட்டென்று எதையும் சொல்ல மாட்டாள்.

"நம்ம கரைப்பக்கம் இல்லாத ஆளுக இத விளையாடி முடிக்கட்டும் சூஃபி. அப்படி முடிச்சா இருக்கேன். இல்லேன்னா நமக்கு நாமளே செஞ்சு வச்சுக்கிட்ட பொம்மைதான் இது."

அதில் தப்புச் சொல்ல முடியாது. அதனால்தான் சூஃபியாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கமுதியில், ஜெயப்பிரியாவின் தாய்மாமன் வீட்டில் காதுகுத்து வந்தது. மூவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தி முடிந்ததும் மாமன் மகன் பாண்டீஸ்வரன் உட்கார்ந்தான். மிளகாய்க் காட்டில் டிராக்டர் ஓட்டுகிறவன், போனில் எத்தனையோ கேம் விளையாடியவன், கை வேகமான ஆள். வள்ளத்தைக் கிளப்பினான். நேரே போய்ப் பாரில் மோதினான். மறுபடி கிளப்பினான், மறுபடி மோதினான். அடுத்து வந்தவர்களும் அதே மாதிரி, ஏதோ சொல்லி வைத்தது போல, வெளிர்பச்சைத் தண்ணீரைத் தேடிப் போய் மோதினார்கள்.

சூஃபியாவால் பொறுக்க முடியவில்லை. அங்கன போகாதீங்கண்ணே, இடப்பக்கம் திருப்புங்கண்ணே என்று தோளுக்குப் பின்னால் நின்று வள்ளத்தை அவளே ஓட்டாத குறைதான். சுகந்தன் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இப்ப விளையாடுறது அவரோ, நீங்களோ?"

சுருக்கென்று தைத்தது. ஜெயப்பிரியா மட்டும் மச்சானிடம் நிதானமாக விசாரித்தாள்: அந்த வெளுத்த தண்ணீருக்கே ஏன் போகிறாய்?

"வெளுத்த தண்ணி இடுப்பளவுதான இருக்கும், பயமில்ல. கருந்தண்ணிப் பக்கம் போனாத்தான் ஆள முழுங்கிரும். எங்க கம்மாயில அப்படித்தான்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடற்கரைக்காரனுக்கு வெளுத்த தண்ணீர் என்றால் அடியில் பார், வள்ளம் தட்டும்; ஆழம்தான் அவனுக்கு வழி. கண்மாய்க்காரனுக்கு ஆழம்தான் எமன். இது ஊருக்கே தெரிந்த சங்கதிதானே என்று மூவரும் கேமில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தார்கள். அட, கடலைப் பார்க்காத ஊரில் இது யாருக்குத் தெரியும்!

திரும்பி வந்த பஸ்ஸில் சூஃபியா அழுதேவிட்டாள். அழுது முடித்ததும், பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டுவிடலாம் என்றாள். யார் வாசிப்பார்கள் என்றாள் ஜெயப்பிரியா. வாஸ்தவம், அவர்களே எந்தக் கேமிலும் எதையும் வாசித்ததில்லை.

ஆகவே மறுபடி மாணவர்களானார்கள். எழுதாமல், சொல்லாமல் ஒருவருக்கு ஒன்றைப் புரியவைப்பது எப்படி என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். முதல் திட்டைச் சின்னதாக்கிக் கரைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அதில் தட்டினால் வள்ளம் உடையாது. சாய்ந்து, ஒரு மூட்டையைத் தண்ணீரில் தவறவிட்டு, தானாகக் கருநீலத்துக்கு வழுக்கி வரும். அந்த உரசல் சத்தத்துக்காகச் சுகந்தன் முகாம் தெருவில் ஜல்லியின் மேல் ஒரு மரக்கட்டையை இழுத்து இழுத்துப் பதிவு செய்தான். அக்கம்பக்கத்தார் பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வெளியே வந்து பார்த்தார்கள். சூஃபியா கற்க வேண்டியிருந்ததுதான் கொடுமையிலும் கொடுமை: ஒருவர் கண்ணெதிரே தோற்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. வீட்டில் தன் தம்பியை விளையாடவிட்டு, துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பழகினாள்.

மறுபடி கமுதி. இந்த முறை பாண்டீஸ்வரனின் அம்மா. முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தவரைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து உட்கார்த்தினார்கள். அவர் வள்ளத்தை நேரே வெளுத்த தண்ணீருக்கே விட்டார். கரகரவென்று உரசியது, மூட்டை விழுந்தது. ஐயோ என் மூட்டை என்று பதறினார். மறுபடி அதே இடம், மறுபடி ஒரு மூட்டை. சூஃபியா துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஜெயப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தார்.

"இங்கன தண்ணி பத்தலபோல, அடிதட்டுது," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "ஆழத்துலதான் போகணும்போல."

வள்ளம் கருநீலத்துக்குத் திரும்பியது. பிறகு அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டி, மிச்ச மூட்டைகளை முதல் தீவில் இறக்கினார். ஆட்டம் அங்கே நின்றது. அவர் விடுவதாயில்லை.

"ஏத்தா பிரியா, அடுத்த தீவு எங்கன இருக்கு?"

ஜெயப்பிரியா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒன்றுமில்லாத அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"இன்னும் வரையல அத்தே. நாளைக்கு மெட்ராஸ்காரங்களுக்கு வரலேன்னு சொல்லிட்டு, வரைய உக்காரணும்."