இராக்கம்மா கழுவச் சொன்ன வீடு

பெரகல சந்திக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால், தப்புப் பறை அடிப்பவருக்கு அடுத்தபடியாக ஆள் போவது இராக்கம்மாவுக்குத்தான். ஒப்பாரி வைக்க அல்ல. ஒப்பாரி அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பிணம் வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். குடத்துத் தண்ணீர், ஆக்கிய சோறு, அரைத்த மாவு எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் தீட்டு தங்கிவிடும். அதைப் பக்கத்தில் நின்று செய்விக்க இராக்கம்மாவை விட்டால் ஆள் கிடையாது. கொழுந்து மலையில் கங்காணிகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

இந்த வெறி அவளைச் சும்மா பிடிக்கவில்லை. மூத்த மகன் சதீஸ்குமார் சின்ன வயதில் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனான். துணியை அடைத்தார்கள், மஞ்சளை அப்பினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்களா? "மாமியா செத்தப்ப இவ வீட்ட ஒழுங்காக் கழுவல, அந்தத் தீட்டுதான் புள்ளைய வாங்கிருச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது? புருஷனும் அதை நம்பினான். கொழும்புக்கு வேலைக்கென்று போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இளையவன் ஜெயரூபனுக்கும் அதே வியாதி என்று பதுளை பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். ஹீமோபீலியா என்று பேர் சொன்னார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற சத்து ஒன்று பிறவியிலேயே உடம்பில் இல்லை. அதை ஊசி மருந்தாக ஏற்றிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்வான். தீட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றார் டாக்டர். இராக்கம்மா தலையாட்டினாள். அவள் டாக்டரையும் நம்பினாள், தீட்டையும் நம்பினாள். எதை விட்டாலும் பிள்ளை போய்விடுவான் என்று பயம்.

ஊசி போடும் முறையைத் தாய்க்கும் மகனுக்கும் கற்றுக்கொடுத்தவர் கிளினிக்கில் நர்ஸாக இருந்த றிப்தா மிஸ்.

"தூள் போத்தலக் குலுக்க வேணாம்மா, உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டுங்க. தூளோட ஒரு தண்ணி வரும், அத மட்டும்தான் சேர்க்கணும். கொதிக்க வச்ச தண்ணியா இருந்தாலும் வேற தண்ணி ஏலாது, நரம்பு வழியா நேரா ரத்தத்துக்குப் போற சாமான் இது" என்றார். பிறகு ஜெயரூபனைப் பார்த்து, "தலையில அடிபட்டா மட்டும் யோசிக்கவே கூடாது தம்பி. வெளிய ரத்தம் வரலன்னு இருந்துராதீங்க. மொதல்ல ஊசி, உடனே ஆஸ்பத்திரி" என்றார்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இராக்கம்மாவுக்கு இருந்த ஒற்றைக் காம்பராவில் ஃப்ரிட்ஜ் இல்லை. நாலு வாசல் தள்ளி நல்லையா வீட்டில் இருந்தது. அதன் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மருந்தும் ஊசியும் இருந்தன. அந்த அப்புத்தளை மலைக் குளிருக்கு ஒரு வேளைக்கான மருந்தை வீட்டிலேயே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம், கெடாது என்று மிஸ் சொல்லியும் இராக்கம்மா கேட்கவில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் டின்னிலேயே போட்டு வைத்தாள். நல்லையாவும் தங்கமான மனுஷன். பேரப்பிள்ளைகள் அந்தத் தட்டுப் பக்கம் கை நீட்டினால் அதட்டுவார். ஜெயரூபன் வளர்ந்து, பெரகலயில் இத்ரூஸ் நானாவின் கடையோரம் போன் திருத்துகிற அளவுக்கு ஆளானது அந்த டின்னால்தான்.

அந்த நல்லையாதான் ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சரிந்து செத்துப்போனார்.

பாடையைத் தோளில் வைக்கிறேன் என்று ஜெயரூபன் நின்றான். இராக்கம்மா விடவில்லை. "பின்னால நடந்து போ, போதும்" என்றாள். அவனும் தப்புக்காரர்களுக்குப் பின்னால் மழையில் நடந்து போனான்.

பிணம் லயத்தைத் தாண்டியதுதான் தாமதம், இராக்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வேலை செய்தவள் நல்லையாவின் மருமகள் துஷாந்தினி. வெலிமடைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு தீபாவளி காணாதவள்.

"குடத்தக் கொட்டிட்டியா? சோத்துப் பான? அந்த ஃப்ரிட்ஜ் பொட்டிக்குள்ள இருக்கிறதயும் அள்ளிக் கொட்டு!"

"அத்தே, கீழ ஒரு பிஸ்கட் டின்னு இருக்கு. இதுவுமா?" என்று உள்ளேயிருந்து துஷாந்தினி கேட்டாள்.

இராக்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கடைக் கான் அடைத்துக் கிடந்ததென்று பக்கத்து வீட்டுக்காரியை வைதுகொண்டிருந்தாள். "எதா இருந்தா என்னடி? கேள்வி கேக்காம எல்லாத்தையும் கொட்டு!" என்றாள்.

துஷாந்தினி கொட்டினாள். டின்னில் இருப்பது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் கான் பாறை மேல் விழுகிற இடத்தில், சோற்றோடும் குழம்போடும் அந்த டின்னையும் கவிழ்த்தாள். சாவு வீட்டில் கத்துகிறவளை எதிர்த்துப் பேச ஒரு புது மருமகளுக்கு எங்கே துணிச்சல் வரும்?

மயானத்திலிருந்து ஆண்கள் திரும்பியபோது ஜெயரூபன் பின்தங்கி வந்தான். இறக்கத்தில் சேற்றில் வழுக்கி, எல்லைக் கல்லில் பின்மண்டை இடித்திருந்தது. தோல்கூடக் கிழியவில்லை. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அம்மா..." என்று ஆரம்பித்தான்.

"அங்கயே நில்லு! மயானத்துக்குப் போன காலோட உள்ள வராத. பீலியில குளிச்சிட்டு வா, அப்பறம் பேசு."

அவனும் போனான். மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டுகிற அந்த ஐஸ் தண்ணீரில் தலை குளித்தான். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்த பிறகுதான், "தலை அடிபட்டுருச்சும்மா, ஊசி போடணும்" என்றான்.

இராக்கம்மா நல்லையா வீட்டுக்கு ஓடினாள். ஃப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. தட்டுகள் பளிச்சென்று கழுவியிருந்தன. அவள் சொன்னபடியே கழுவியிருந்தார்கள்.

அவள் போட்ட சத்தம் மேட்டு லயம் வரைக்கும் கேட்டது. கான் கொட்டுகிற பாறையில் விழுந்து சேற்றில் துழாவினாள். தூள் போத்தல்களில் ஒன்று மட்டும் உடையாமல் கிடைத்தது. ஊசியும் உறை பிரியாமல் கிடைத்தது. தூளோடு வருகிற தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் நொறுங்கிப்போயிருந்தன.

"சுடுதண்ணிய ஆத்தி ஊத்திப் போட்ருவோம்டா, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினாள்.

ஜெயரூபன் கண்ணைத் திறக்க முடியாமல் தலையை அசைத்தான். "வேணாம்மா. மிஸ் என்ன சொன்னாங்க? அது ரத்தத்துக்குள்ள போகக்கூடாதும்மா. ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்."

அவன் சொன்னது சரிதான். சரியாக நடந்துகொண்டவனுக்குச் சாமி என்ன கொடுத்தது என்று கேட்காதீர்கள். இத்ரூஸ் நானா வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். பதுளையில் மருந்து தயாராக இருக்கும் என்று போனிலும் சொல்லிவிட்டார்கள். பண்டாரவளையில் தூக்கம் வருகிறது என்றான். தூங்காதே தூங்காதே என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். ஹாலிஎலைக்கு வந்தபோது அவள் மடியில் கிடந்த தலை கனத்துவிட்டது. அந்தப் போத்தல் அப்போதும் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

மறுநாள் ஜெயரூபனைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனதும் லயத்துப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வீட்டைக் கழுவச் சொல்ல ஆளில்லை. துஷாந்தினிதான் அழுதுகொண்டே உள்ளே போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

சுவரில் சாய்ந்து கிடந்த இராக்கம்மா நிமிர்ந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவதான். ஒரு வார்த்த என்னன்னு கேட்டாளா? கேக்காமக் கொள்ளாம எம் புள்ள உசுரக் கான்ல கொட்டிட்டா. வெளங்காத மூதேவி, வந்த லயத்துல ரெண்டு பொணம்!" என்றாள்.

"கேட்டேனே அத்தே" என்றாள் துஷாந்தினி.

அவள் கேட்டதும் இராக்கம்மா சொன்னதும் அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். காதாரக் கேட்டவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "புது மருமக வந்த நேரம் சரியில்லதான்" என்று முணுமுணுத்தாள்.

துஷாந்தினி குடத்தைக் கொண்டுபோய்க் கானில் கவிழ்த்தாள்.