உள்ளேன் டீச்சர்

சவரியம்மாளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொன்னாடை போர்த்திப் பேச வந்தவள் என்று என்னை நினைத்துவிடுவீர்கள். அறுபத்தொன்றாம் வருஷம் தாராவியில் எங்கள் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியையாக வந்தார். நான் மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி, நடந்தே போய் அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். பெயர் வாலாம்பாள். வாய் கொஞ்சம் நீளம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை.

சவரியம்மாள் தெற்குக் கடற்கரையில் உவரிப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணனோடு பம்பாய்க்கு வந்து, அண்ணன் இறந்த பிறகும் தாராவியிலேயே ஒற்றை அறையில் தனியாக இருந்தார். நல்ல உயரம், வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வரவில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் பள்ளி சந்தைக்கடையாகக் கிடந்தது. யார் எப்போது வருகிறார்கள், எந்த வகுப்பில் வாத்தியார் இருக்கிறார் என்று கேட்க நாதியில்லை. இந்த அம்மாள் வந்த மாதமே எல்லாம் மாறியது. கக்கூஸ் கழுவப்பட்டது. சாக்கட்டியைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தார். நாங்களும் நேரத்துக்கு வந்தோம், வேறு வழியில்லை. முனிசிபாலிட்டி விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எதைக் கேட்டாலும் "விதியில இருக்கா?" என்பார். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த விதிகளில் வாசல் கேட்டும் ஒன்று. காலையில் பிரார்த்தனை மணி அடித்ததும் பியூன் நாணு இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு யாருக்கும் திறக்கக் கூடாது. பிரார்த்தனை முடிந்து வகுப்பில் பெயர் கூப்பிடும்போது இல்லாத பிள்ளைக்கு அன்று ஆஜர் இல்லை. அப்படியே பல நாள் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அத்தோடு அந்தப் பிள்ளையின் படிப்பு தீர்ந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஆண்பிள்ளைக்குச் சமமாகப் பெண்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். நாலாம் வகுப்புக்குப் போனால் ஜன்னலோரத்தில் ஒன்றிரண்டு ரிப்பனைப் பார்த்தாலே அதிகம். எங்களுக்கு அது உறுத்தவில்லை. வீட்டில் வேலை இருக்கும், படிக்க வைக்க மனசிருக்காது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

நூர் நிஷா என் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளுடைய அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தார். அவளும் அவள் தம்பியும் ஒரே வகுப்பு. தம்பி தினமும் வந்துவிடுவான், இவள் பாதி நாள் இருக்க மாட்டாள். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே கேட். ஒருநாள் சவரியம்மாள் தானே வந்து பெயர் கூப்பிட்டார். நாங்கள் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க அப்படி அவ்வப்போது வருவார். "நூர் நிஷா" என்றார். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். எங்களையேதான் பார்க்கிறாள், ஆனால் உதட்டை இறுக மூடியிருக்கிறாள்.

சவரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஜன்னலண்டை போனேன்.

"ஏட்டி, பேரு கூப்பிட்டது காதுல விழுந்திச்சா?"

"விழுந்திச்சி டீச்சர்."

"பொறவு ஏன் வாயைத் தொறக்கல?"

"நா வெளியலா நிக்கேன். உள்ளேன்னு எப்படிச் சொல்ல? பொய் சொல்லக் கூடாதுல்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'உள்ளேன் டீச்சர்' என்று பிள்ளைகள் சொல்வதற்கு 'இருக்கிறேன்' என்று அர்த்தம். இந்தப் பெண் இத்தனை நாளும் அதை 'உள்ளே இருக்கிறேன்' என்று புரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். இலக்கணம் தெரியாத பிள்ளை என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிச் சிரிக்க நான் தயாராகிவிட்டேன். சவரியம்மாள் சிரிக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றார்.

"தெனமும் ஏன் பிந்துதெ?" குரல் இறங்கியிருந்தது.

"மணி அடிக்கும்போதுதான் டீச்சர் குழாயில தண்ணி வருது. உம்மாவுக்கு மேலுக்கு முடியல. நாந்தான் லைன்ல நிக்கணும். தம்பி ஆம்பளப் புள்ளைலா, அவன் பள்ளியோடம் வந்துருவான்."

அப்போதுதான் கவனித்தேன். பாவாடையில் முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஈரம்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்குத் தலைமை ஆசிரியையைக் காணோம். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நாங்களாகவே பாட்டை ஆரம்பித்தோம். பாட்டு பாதியில் இருக்கும்போது பார்த்தால், கேட்டுக்கு வெளியே சவரியம்மாள் நிற்கிறார். குழாயடிக்குப் போயிருக்கிறார். யாருடைய குடத்தையோ தூக்கிக் கொடுத்திருக்கிறார் போல, வெள்ளைப் புடவையின் கரையெல்லாம் சேறு. அவரைச் சுற்றி ஐந்தாறு பெண்பிள்ளைகள். நாணு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். யாருக்கும் திறக்கக் கூடாது என்பது விதியைக் காட்டி அந்த அம்மாளே போட்ட உத்தரவு. அவரும் திற என்று சொல்லவில்லை. எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை, பூட்டிய கேட்டுக்கு வெளியே, கைகூப்பிக்கொண்டு பிரார்த்தனை முடியும்வரை நின்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

அன்று பள்ளி விட்டதும் எங்களைக் கூட்டினார். விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"பிரேயர் முடிஞ்சுதான் ஆஜர் எடுக்கணும்னு இருக்கு. பிரேயர் எத்தன மணிக்குன்னு எங்கயும் இல்ல. நாளைலேருந்து கேட் தொறந்து கெடக்கட்டும். மொதல்ல படம் வரையட்டும், பாட்டுப் படிக்கட்டும், கதை சொல்லுங்க. குழாய் நின்னு பிள்ளைங்க வந்து சேர்ந்த பொறவு பிரேயர் வைப்போம்."

நான் சும்மா இருப்பேனா? "ஸ்வாமியைக் காக்க வெக்கறதாவது? நன்னாயிருக்கா இது?" என்றேன்.

"சாமி காத்துக்கிடுவாரு. குழாய் காத்துக்கிடாது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வராந்தாவில் நின்று பாவாடையைப் பிழிந்துவிட்டு வந்து உட்காருவார்கள். என் வகுப்புத் தரையெல்லாம் தண்ணீர். வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தால் முனிசிபாலிட்டி வைத்தியம் பார்க்குமா என்று முணுமுணுத்தேன். ஆனால் அடுத்த வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு பக்கம் முழுக்கப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முணுமுணுப்பை நிறுத்திவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். நூர் நிஷா முதல் வரிசையில் இருந்தாள்.

இப்படி எத்தனை நாள் ஓடும்? வட்டாரப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் பீட் ஆபீசர் வேங்கடசுப்ரமணியன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். எங்கள் மாட்டுங்காக்காரர்தான், கெட்ட மனுஷர் இல்லை. விடிந்து இத்தனை நேரமாகியும் பிரார்த்தனை இல்லை, கேட் திறந்து கிடக்கிறது, ஒரு வகுப்பில் பையன்கள் யானை வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்து விசாரித்தார். நானும் கூப்பிடப்பட்டிருந்தேன்.

"நோக்கம் நல்லதுதாம்மா. ஆனா மேல கேட்டா நான் என்ன சொல்றது? நாளைலேருந்து பழையபடி மணி அடிச்சதும் பிரார்த்தனை வெச்சு, கேட்டைப் பூட்டிடுங்கோ. நானும் ஒண்ணும் எழுதாம போயிடறேன். நீங்களும் இங்கேயே இருக்கலாம். மாட்டேன்னேள்னா இது ஒழுங்கு மீறல்னு நான் எழுதியாகணும். தலைமை ஆசிரியை பதவி நிக்காது."

சவரியம்மாள் கேட்டார். "நா போயிட்டா, பிரேயர் நேரம் இப்படியே இருக்குமா சார்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அதென்னமோ வாஸ்தவம்தான். நீங்க இருந்தா இது நீங்க பண்ணின தப்பு. நீங்க போயிட்டேள்னா, புதுசா வரவாளுக்கு இது பள்ளிக்கூடத்து வழக்கம். வழக்கத்தை யாரும் ஏன்னு கேக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன்."

"அப்ப எழுதிக்கிடுங்க சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இப்படிப் பண்றேள்? இப்போதைக்குச் சரின்னு சொல்லிட்டு, அப்புறமா மெதுவா ஏதாவது பண்ணிக்கலாமே" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "கேட்டைப் பூட்டுன பொறவு மெதுவான்னு ஒண்ணு கெடையாது, டீச்சர்" என்றார். அந்த அம்மாள் என்னிடம் தன்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஊர்க் குப்பையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டும் தேவ்நாரில் ஒரு பள்ளிக்கு அவரைச் சாதாரண ஆசிரியையாகப் போட்டார்கள். ஒன்றாம் வகுப்பு. தலைமை ஆசிரியர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். போகும் நாளில் வழியனுப்பு விழா வேண்டாம் என்றுவிட்டார். சாவிக் கொத்தை நாணுவின் கையில் கொடுத்து, "புதுசா வாரவங்க கேட்டா, பிரேயர் இங்க எப்பவும் இந்த நேரந்தான்னு சொல்லு" என்றார். பொய் சொல்லத் தெரியாத அந்த அம்மாள் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

புதிதாக வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பீட் ஆபீசர் சொன்னது சரி, வழக்கத்தை யாரும் கேட்பதில்லை. நேரம் அப்படியே நின்றது.

நூர் நிஷா நாலாவது தேறி, ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதம், ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தேவ்நாருக்குப் போனேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செம்பூரில் பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்திருந்தது. கேட் பூட்டிக் கிடந்தது. வெளியே நாலைந்து பெண்பிள்ளைகள் நின்றார்கள். அன்று மழை விட்டிருந்தது. அவர்கள் தலை காய்ந்திருந்தது, பாவாடை நனைந்திருந்தது. அங்கேயும் அதே கதைதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேட்டை ஒட்டி, தெருவைப் பார்த்த ஜன்னலுக்குள் சவரியம்மாள் தெரிந்தார். இளைத்திருந்தார். குப்பைமேட்டுக் காற்று நேரே அடிக்கிற அறை. வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க டீச்சர். நீங்களும் லேட்டா? சாவி இப்ப எங்கிட்ட இல்ல. இடைவேளைக்குத்தான் தொறப்பாங்க."

"இதுகளுக்கு ஆஜர்?" என்று பிள்ளைகளைக் காட்டிக் கேட்டேன்.

"பிரேயர் முடிஞ்சு பேரைக் கூப்பிடணும்னுதான் விதி. பதில் எங்க இருந்து வரணும்னு எழுதல" என்றார். பழைய சவரியம்மாள்தான்.

"நூர் நிஷா பாஸ் பண்ணிட்டா. அஞ்சாவதுல சேர்ந்தாச்சு" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார். "அங்க பிரேயர் எப்ப?"

"குழாய் நின்னப்புறம்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைக்க வேண்டியிருந்தது. பிறகு பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"சேசம்மாள்."

என் பக்கத்தில் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த குட்டிப்பெண் நிமிர்ந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றபடி, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"உள்ளேன் டீச்சர்."